மயிலிட்டிக் காணி

இலவச மென்பொருளில் செய்மதி ராடார் படங்களைக் கொண்டு கரையோர நிலத்தை வரைபடமாக்குவது ஜெசிதாவின் வேலை. படத்தில் சுவர் வெள்ளையாகவும் தண்ணீர் கறுப்பாகவும் தெரியும். மயிலிட்டியில், கடலில் தொழிலுக்குப் போய்த் திரும்பாத அப்பா கட்டிய வீட்டைப் போர்க்காலத்தில் இடித்துவிட்டார்கள். இம்முறை அந்தக் காணியில் வீடு வெள்ளையாக நின்றது. பிழையென்று நினைத்து மென்பொருளை மறுபடி ஓட்டினாள், வீடு போகவில்லை. தமையன் ஜெறோமுடன் நேரில் போய்ப் பார்த்தாள். வெறும் பற்றைக்காடுதான்.

இப்போது குடியிருக்கும் குருநகருக்குத் திரும்பி அம்மாவிடம் சொன்னாள்.

"ஓம் பிள்ளை," என்றாள் அம்மா, சீலைகளை மடித்தபடி. "கொப்பர் கடலாலை வந்திட்டார் போலை. வெளிக்கிடு, வீட்டை போவம்."

அடுத்த படத்தில் அந்த வீடு இன்னும் வெளுத்திருந்தது. ஜெசிதா குருநகரைப் பெரிதாக்கினாள். அவள் உட்கார்ந்திருந்த வீட்டின் இடம் தண்ணீராகக் கறுத்துக் கிடந்தது.