பாஸ்டரும் மொழிபெயர்ப்பாளரும்

"காட் வில் லிஃப்ட் யூ!" என்று பாஸ்டர் பாமிடெலே ஆங்கிலத்தில் முழங்கினார்.

பக்கத்தில் நின்ற டெர்சூ அதை உள்ளூர் மக்களின் டிவ் மொழியில் சொல்லத் தொடங்கினான். அவர் சொன்னது நாலே சொல். அவனோ இரண்டு நிமிடம் பேசினான். முன்வரிசைப் பெண்கள் தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து 'ஆமென்' இடிபோல வந்தது.

பாமிடெலே கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். இந்தக் கிழங்குத் தின்னிகளையே தன் பேச்சு இப்படி உருக்குகிறதென்றால், லாகோஸில் என்னதான் செய்யாது! அவர் கட்சினா-ஆலா என்ற இந்த ஊருக்கு வந்தபோது சபையில் நாற்பது பேர். மூன்று வருடத்தில் நானூறு. அடுத்த மாதம் இபாதானிலிருந்து வரும் பேராயர் இந்தக் கூட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், லாகோஸ் சபை அவருக்குத்தான்.

அந்த மூன்று வருடத்தில் டிவ் மொழியில் அவர் கற்றுக்கொண்டது 'தண்ணீர்' என்ற ஒரு சொல். அதுவும் தாகம் எடுத்ததால்.

டெர்சூவைக் கண்டாலே அவருக்கு ஆகாது. சந்தை முனையில் மோட்டார் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். ஆரம்பப் பள்ளியோடு நின்றவன். சில நேரம் அவர் வாயைத் திறக்கும் முன்பே அவன் பேச ஆரம்பித்துவிடுவான். மேடை மரியாதை தெரியாத ஜென்மம்.

அன்று ஆராதனை முடிந்ததும் பள்ளி ஆசிரியர் இயோர்ஃபா வந்து அவர் காதைக் கடித்தார்.

"பாஸ்டர், நீங்க சொல்றது ஒண்ணு, இவன் சொல்றது ஒண்ணு. நீங்க 'லிஃப்ட்'னு சொன்னீங்கல்ல? ஆத்துல வெள்ளம் வர்றப்ப அப்பன் பிள்ளையைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டுக் கடப்பான்ல, அந்த மாதிரி தேவன் உன்னைத் தூக்கிக்குவார்ங்கிறான்."

"நான் சொன்னது வாழ்க்கையில உயர்த்துறதுய்யா!"

"அதைத்தான் நானும் சொல்றேன். போன வாரம் 'காட் வில் பிரேக் யூ'ன்னீங்க. வெந்த கிழங்கைப் பிட்டுப் பார்க்கிற மாதிரி தேவன் உன்னைப் பிட்டுப் பார்ப்பார், உள்ள அழுகியிருந்தா உனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும்னு சொன்னான்."

பாமிடெலேவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. டெர்சூவைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினார்.

"ஏய், இங்கிலீஷ்ல ஒரே வினைச்சொல்லுக்குக் கையால செய்யிற அர்த்தமும் உண்டு, மனசைத் தொடுற அர்த்தமும் உண்டு. இந்தச் சின்ன விஷயம் தெரியுமாடா உனக்கு?"

"தெரியும் பாஸ்டர். ஆனா கையால செஞ்சு பழகினதுதான் எங்க ஆளுங்க மனசுக்குப் போகும்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? 'கேட்ச் ஃபயர்'னா ஆவியில அனல் மூட்டுறது. நீ பாட்டுக்குப் புல்லுக்காட்டுல தீப் பிடிச்ச கதையைக் கால் மணி நேரம் அளக்குறியாமே. டயருக்குக் காத்தடிக்கிறவன் கையில மைக்கைக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். இனிமே மேடைப் பக்கமே வராதே!"

டெர்சூ கையிலிருந்த மைக்கை மேஜைமேல் வைத்தான். "சரி பாஸ்டர்" என்று வெளியே போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு கோட்டும் டையுமாக இயோர்ஃபா நின்றார். 'லிஃப்ட்' என்றதற்கு 'வாழ்வின் நிலையில் உயர்த்துவார்' என்றார். 'பிரேக்' என்றதற்கு 'உங்கள் அகந்தையை நீக்குவார்' என்றார். இலக்கணம் ஓர் இம்மி பிசகவில்லை. பாமிடெலேவுக்குப் பரம திருப்தி.

ஆனால் 'ஆமென்' வரவில்லை. யாரோ சத்தமாகக் கொட்டாவி விட்டார்கள். அதற்கடுத்த ஞாயிறு அறுபது பேர் வந்தார்கள். அதற்கும் அடுத்த ஞாயிறு பாடகர் குழுவையும் சேர்த்துப் பதினோரு பேர்.

பேராயர் வர இன்னும் நான்கே நாள். பாமிடெலே இயோர்ஃபாவை இழுத்துக்கொண்டு டூசுர் வீட்டுக்குப் போனார். போன மழைக்காலத்தில் சபையில் சேர்ந்தவள் அவள். வந்தவள் தன் தெருவையே கூட்டிவந்திருந்தாள். அவள் ஒரு சொல் சொன்னால் பாதிக் கூட்டம் திரும்பிவிடும்.

முற்றத்தில் கிழங்கு சீவிக்கொண்டிருந்த டூசுர் எழுந்து முக்காலி போட்டாள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு இயோர்ஃபாவிடம் ஏதோ கேட்டாள்.

"என்னவாம்?" என்றார் பாமிடெலே.

"பாஸ்டர் எப்படி இருக்காரு, உடம்பு சரியில்லையான்னு விசாரிக்கிறாங்க."

"நான்தான் குத்துக்கல்லாட்டம் எதிர்லயே உட்கார்ந்திருக்கேனே! சபைக்கு ஏன் வர்றதில்லேன்னு கேளும்."

இயோர்ஃபா கேட்டார். டூசுர் பாமிடெலேவை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். பாவம் என்பதுபோல அவர் முழங்கையைத் தொட்டு, கனிவாக நாலு வார்த்தை சொன்னாள்.

இயோர்ஃபாவின் முகம் வெளுத்துவிட்டது.

"என்னய்யா சொல்றா?"

"ஒண்ணுமில்ல பாஸ்டர். சும்மா... ஏதோ..."

"இந்த இழுவையெல்லாம் வேணாம். ஒரு சொல் கூடாம, ஒரு சொல் குறையாம சொல்லும்! அதுக்குத்தானே அவனைத் துரத்திட்டு உம்மை வச்சிருக்கேன்?"

இயோர்ஃபா ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டு சொன்னார்.

"'எங்க பாஸ்டர் டெர்சூ திரும்பி வரட்டும், நாங்களும் வர்றோம், அவர் பேசுறதை இங்கிலீஷ்ல மொழிபெயர்க்கிறதுக்குப் பழையபடி நீங்களே வாங்க'ன்னு சொல்றாங்க."