டிரம்பெட் வழக்கு

“ஜெயிச்சிட்டோம்ண்ணே! அந்த உத்தரவு செல்லாதுன்னு சொல்லிட்டாங்க!”

கோர்ட் வராந்தாவில் கறுப்புக் கோட்டோடு ஓடி வந்தாள் அந்த இளம் வக்கீல். டெய்லருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்த மனிதர், அதன் நுனியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் யாரும் எந்த வாத்தியமும் வாசிக்கக் கூடாது, மீறினால் பறிமுதல். இதுதான் நகராட்சி போட்ட உத்தரவு. போட்ட வாரமே டெய்லரின் தெருவுக்குள் புகுந்து ஒரு டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று கிளம்பியவர்தான் டெய்லர். தைக்க வந்த துணியெல்லாம் கடையில் மலையாகக் குவிய, கோர்ட்டே கதி என்று கிடந்தார். தோற்றிருந்தால் அந்த டிரம்பெட் பழைய பித்தளைக் கடைக்குப் போயிருக்கும். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு கிடந்திருக்கும்.

நகராட்சி அதிகாரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு டிரம்பெட்டை நீட்டினார்.

“ஒரு ஊதலுக்கு இவ்வளவு அலையணுமா சார்?”

“ஊதலோ மேளமோ, நாலு சுவத்துக்குள்ள ஒரு மனுஷன் சந்தோஷமா இருந்தா உங்களுக்கு என்ன வலிக்குது?”

“சரி, கோவிச்சுக்காதீங்க. எங்கே, ஒரு பாட்டு வாசிங்க. கேப்போம்.”

“இங்கேயா? அப்புறம் ஜட்ஜம்மா தீர்ப்பை மாத்திடுவாங்க!”

வக்கீல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மத்தியானம் டிரம்பெட்டும் கையுமாக டெய்லர் தெருவுக்குள் நுழைந்தபோது வாசலுக்கு வாசல் கைதட்டல். அவர் தன் வீட்டைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். தபால்காரர் திறந்தார்.

“இந்தா தம்பி, உன் டிரம்பெட். இனிமே ஒருத்தன் உன்னைக் கேக்க முடியாது. ஊது!”

“அரசாங்கச் சம்பளம் வாங்கறவன்ணே நான். கேஸ் போட பயந்துட்டேன். நீங்க மட்டும் இல்லேன்னா...” தபால்காரர் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் ஆசை தீர ஊதினார். யானை தும்மியது போல இருந்தது.

டெய்லர் ஒரே ஓட்டமாக வந்து தன் வீட்டு ஜன்னல்களையெல்லாம் சாத்தினார். மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் பஞ்சை நீட்டினாள்.

“நல்லா வேணும் உங்களுக்கு! இந்தச் சத்தம் தாங்கலைன்னு நகராட்சிக்குப் போய் முதல்ல புகார் கொடுத்ததே நீங்கதானே?”

“கொஞ்சம் மெதுவா ஊதச் சொல்லுங்கன்னுதானடி சொன்னேன்! ஊதவே கூடாதுன்னு சொல்ல அவங்க யாரு?” என்றபடி இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டார் டெய்லர்.