சிப்பி போட்ட சோறு

"யார் கேட்டாலும் கம்ப்யூட்டர்னு சொல்லிரு. சிப்பின்னு வாயத் தொறந்த, அவ்வளவுதான்!"

கோவிந்தப்பன் மகளிடம் இதைச் சொல்வது காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ. சூளகிரியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். ரோஜாத் தோட்டம், ஒரே பையன், சொந்த டிராக்டர். எல்லாவற்றுக்கும் மேலே, முட்டை போட்ட கேக்கைக்கூட வாசலுக்குள் விடாத பெருமாள் பக்தர்கள்.

"பொய் எதுக்குப்பா?" என்றாள் ரேவதி.

"பின்னே? பெங்களூருல ஆண் சிப்பிய அறுத்து விந்து எடுக்கிறேன்னு சபையில சொல்லப் போறியா? முத்து எடுக்கிறேன்னாலும் ஒரு கௌரவம் இருக்கும்!"

அதுதான் அவள் வேலை. கடல் சிப்பியின் விந்தணுவில் இருக்கும் ஒரு புரதத்தைப் பற்றி ஆராய்ச்சி. ஆனால் 2006-ல் ஒசூரிலிருந்து பெங்களூருக்கு பஸ் ஏறும் பெண் என்றால் கம்ப்யூட்டர் வேலைதான் என்று ஊரே நம்பியது. கோவிந்தப்பனும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

"உங்க கம்பெனிய மூடினப்ப இந்த வேலைதானப்பா நமக்குச் சோறு போட்டுச்சு. அதைப் போய் இல்லைன்னு சொல்லச் சொல்றீங்களே."

"சோறு போட்டதுக்கு ஒரு கும்பிடு வேணும்னா போட்டுக்க. மனசுக்குள்ள!"

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உள்ளுக்குள்ளே நினைத்தால் போதும் என்பது கோவிந்தப்பனின் விளக்கம்.

"கார் வந்துருச்சு!" என்று அவர் மனைவி சாந்தம்மா சமையலறைக்கு ஓடினாள்.

வந்தவர்களில் பேசியது மாப்பிள்ளையின் அம்மா வெங்கடம்மாள் மட்டும்தான். அவள் கணவரும் மகன் சுரேந்தரும் கேசரிக்குத் துணையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"பொண்ணு பெங்களூருல என்ன வேலை பாக்குது?"

ரேவதி வாயெடுப்பதற்குள் கோவிந்தப்பன் முந்திக்கொண்டார். "கம்ப்யூட்டருங்க!"

வெங்கடம்மாளின் முகம் சுருங்கியது. "கம்ப்யூட்டருங்களா? ஜூஜுவாடியில உங்க அக்கா வேற என்னமோ சொன்னாங்களே."

கோவிந்தப்பன் மனசுக்குள் அக்காவைத் திட்டினார். அக்காவின் வாயைத் தைக்காமல் விட்டோமே! "அவங்களுக்கு என்னங்க தெரியும்? கம்ப்யூட்டர்தாங்க. பெருமாள் சத்தியமா!"

வெங்கடம்மாள் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். "கெளம்பலாங்க."

ரேவதிக்குப் பொறுக்கவில்லை. நல்ல இடம் கைவிட்டுப் போகிறது, அதுவும் பொய்யோடு போகிறது.

"இருங்கம்மா. அப்பா பயந்துகிட்டுச் சொல்றாரு. நான் கடல் சிப்பிய அறுத்து, அதோட விந்தை எடுத்து ஆராய்ச்சி பண்றேன். அது போட்ட சோத்தைத் தின்னுட்டு அதை மறைக்க எனக்கு மனசு வரலைங்க."

சாந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுரேந்தர் முதல் முறையாகத் தலை நிமிர்ந்தான்.

"அந்த விந்துல அப்படி என்னம்மா இருக்கு?" வெங்கடம்மாள் விடவில்லை.

"உயிருக்கு ஆதாரமான டி.என்.ஏ. நீள நூல் மாதிரி இருக்குங்க. அது அத்தனை சின்ன விந்தணுக்குள்ள அடங்கணும் இல்லைங்களா? அதுக்காக இறுக்கிச் சுருட்டி வைக்கிற ஒரு புரதம் இருக்கு. நாம ஜமக்காளத்தைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டுற மாதிரி."

"மீனுக்கும் அது உண்டா?"

"உண்டுங்க. ரெண்டும் ஏறக்குறைய ஒரே வகைதான்."

சிப்பியோடு போகும் என்று பார்த்தால் மீனும் வந்து சேர்ந்துவிட்டதே! கோவிந்தப்பன் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

அவர் கண் திறந்தபோது வெங்கடம்மாள் ரேவதியின் எதிரில் நின்றிருந்தாள். சிப்பி அறுக்கும் அந்த இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"போன வருசம் என் நெஞ்சை அறுத்து ஆப்பரேசன் பண்ணினாங்க தாயி. ரத்தம் உறையாம இருக்க மருந்து ஏத்தியிருந்தாங்க. எல்லாம் முடிஞ்சதும் அதை முறிச்சு ரத்தத்தை நிறுத்தினது, மீன் விந்துல இருந்து எடுத்த இந்தப் புரதந்தான்னு டாக்டர் சொன்னாரு. நான் மீன் வாடைக்கே மூக்கைப் பொத்துறவ. எந்த மீனைத் தேடிப் போய் நன்றி சொல்லுவேன்? உங்க அத்தை உன் வேலையச் சொன்னதும், இந்தப் பொண்ணுதான் எங்க வீட்டுக்கு வரணும்னு ஓடி வந்தேன்" என்றவள் கோவிந்தப்பன் பக்கம் திரும்பினாள். "நீங்க கம்ப்யூட்டர்னு பெருமாள் மேல சத்தியம் பண்ணவும், வீடு மாறி வந்துட்டமோன்னு எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சுங்க!"