வாய் தவறிய சாட்சி

"நாளைக்கு நீங்க ஒரு கோர்ட்லயும் நிக்க முடியாது, பாத்துக்கங்க."

நீதிமன்ற வராந்தாவில் விரலை ஆட்டினார் அப்புத்துரை. புக்கிட் தெங்கா ஆலையின் மேலாளர். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த முதலாளி பக்கத்தில் நின்று ரசித்தார்.

வழக்கறிஞர் வள்ளிநாயகி அந்த விரலைத் தாண்டி நடந்தார். ஆற்றுக்காக வாதாடுவது அவர் தொழில். ஆறு ஃபீஸ் தருவதில்லை.

ஆலை 1979-இல் வந்தது. அதன்பின் ஆற்றில் சிப்பி செத்தது. கழிவு எந்த வழியாக வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இன்று அதைக் காட்டாவிட்டால் வழக்கு தள்ளுபடி.

"தோத்தா நான் அவன் ஆலையில கேட் திறக்கத்தான் போகணும், அக்கா," என்றார் சிப்பி எடுக்கும் சுலைமான். அவர்தான் கட்சிக்காரர்.

"அதுக்கும் உங்கள எடுக்க மாட்டான் லா."

சாட்சிக் கூண்டில் அப்புத்துரை நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"ஆலையிலேருந்து ஆத்துக்குக் குழாய் ஏதும் போகுதா?" வள்ளிநாயகி கேட்டார்.

"எந்தக் குழாய்? கேன்டீனுக்குப் பின்னால, வாழைக்கு அடியில பொதைச்சிருக்கே, அதுவா?"

ஆலையின் வழக்கறிஞர் இருமினார். அப்புத்துரை நிறுத்தவில்லை.

"அதுல சும்மா ஆசிட் கழுவின தண்ணிதான் போகுது. அதுவும் இருட்டினப்புறம்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கழிவைச் சுத்தம் செய்யும் இயந்திரம் வைக்கும்வரை ஆலை ஓடக்கூடாது என்று உத்தரவிட்டார்.

சூலியா தெருத் தேநீர்க் கடையில் வள்ளிநாயகி சுலைமானுக்குப் பாடம் எடுத்தார்.

"கேள்விய சாதாரணமா கேக்கணும். ஆளு அசந்துடுவான். அதுதான் குறுக்கு விசாரணை."

"பாத்தேன்க்கா. பாவம், சுத்த மடையன் லா அவன்."

அப்போது அப்புத்துரை உள்ளே வந்தார். சுலைமான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க அண்ணே," என்று அப்புத்துரையும் உட்கார்ந்தார். "என்னை மாடுன்னு திட்டிட்டு முதலாளி ஏர்போர்ட்டுக்குப் போயிட்டாரு. அந்த மெஷினக் கேட்டு வருஷக்கணக்கா கெஞ்சறேன். கோர்ட் சொன்னாத்தான் வாங்குவேன்னு நின்னாரு. இனி வாங்கித்தானே ஆகணும்."

வள்ளிநாயகி கிளாஸைக் கீழே வைத்தார்.

அப்புத்துரை வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"புகைக்கூண்டுக்கு எப்பக்கா கேஸ் போடுவீங்க?"