சிங்கப்பூரில் குளிரும்

“மொத மூணு நாளு சிங்கப்பூரு. அங்க பயங்கரக் குளிராம். கம்பளிய மறந்துடாத.”

“மிச்ச நாலு நாளு?”

“பாரீசு. வேர்த்துக் கொட்டும். ஆளுக்கொரு விசிறி போதும்.”

கொல்லைப்புறத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து, ஜானகிராமனும் அவர் சம்சாரம் மணியம்மாளும் வெளிநாட்டுப் பயணத்துக்குத் திட்டம் போட்டார்கள். குருசுக்குப்பத்துக்கே கேட்கிற மாதிரி.

பக்கத்து வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அன்னக்கிளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பதினாறு வயசு. யார் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அச்சாகப் பேசிக் காட்டுவாள். பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மா குரலிலேயே மீன்காரம்மாவிடம் பேரம் பேசி, மீன் கழுவின தண்ணியில் குளித்துவிட்டு வந்தவள்.

ஜானகிராமன் தட்டாஞ்சாவடிப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். கடலூர் பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுப்பவர். ஏரோப்ளேனுக்கு ஆசைப்படுகிறார்.

அப்போது மறுபக்கத்துச் சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அண்ணே, மாத்திச் சொல்றீங்க. குளிரு பாரீசுல. சிங்கப்பூர்ல நம்ம ஊரு மாதிரி வேர்வதான்.”

அன்னக்கிளியின் சிரிப்பு நின்றது. ரோஷன் பீவியா பேசினது?

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகிப் பாரீசில் குடும்பம் நடத்திவிட்டு இந்த ஊருக்கு வந்த அம்மா அவர். புருஷன் அன்வருதீன் இறந்ததும், விதவைக்கான துக்க நாட்களான இத்தா இருக்க உள்ளே போனார். இத்தா முடிந்தும் வெளியே வரவில்லை. யாரிடமும் பேசவில்லை.

ஜானகிராமன் அதோடு விட்டாரா? தினமும் சாயங்காலம் பாய் விரிந்தது.

“சிங்கப்பூர்ல ஒரு சவுரியம். எங்க வேணும்னாலும் வெத்தலை போட்டுத் துப்பலாம்.”

“துப்பிடாதீங்கண்ணே, அபராதம் போட்டுடுவான்.”

“பாரீசுல பூமிக்கடியில ரயிலு ஓடுதாமே. எனக்கு மேல் பர்த் வாங்கணும், மணி.”

“அதுல உக்காரவே எடம் கெடைக்காதுண்ணே, எங்க படுப்பீங்க?”

அன்னக்கிளியின் அம்மா கமலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “புருஷனப் பறிகொடுத்தவங்க காது கேக்க, சிங்கப்பூரு பாரீசுன்னு என்ன பவுசு வேண்டிக்கெடக்கு? கொஞ்சமாச்சும் இங்கிதம் வேணாம்?”

‘இருங்க, இந்த ஏரோப்ளேனை நான் இறக்குறேன்’ என்று அன்னக்கிளி முடிவு கட்டினாள்.

மறுநாள் மத்தியானம். ஜானகிராமன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் தபால்கார சுப்பிரமணியனின் மூக்கடைத்த குரல் கேட்டது.

“ஜானகிராமன் ஸார், பாஸ்போர்ட் ஆபீஸ் ரிஜிஸ்டர் தபால். கையெழுத்துப் போடணும்.”

அவர் சோற்றுக் கையோடு ஓடி வந்தார். “நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடவே இல்லியேப்பா. வேற ஜானகிராமனா இருக்கும்.”

வாசலில் அன்னக்கிளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “மாட்டிக்கிட்டீங்களா மாமா? அம்புட்டும் உடான்சா?”

அவர் பயந்துபோய்ச் சுவர்ப் பக்கம் பார்த்தார். அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

“மெதுவாப் பேசு தாயே. அந்தம்மா சோறு தண்ணியே விட்டுட்டாங்க. நாங்க கதவத் தட்டுனாலும் தொறக்கல. அதான், அவங்களுக்குத் தெரிஞ்ச ஊரப் பத்தித் தப்புத் தப்பாப் பேசிப் பாத்தேன். பொறுக்க முடியாம செவுத்துகிட்ட வந்துட்டாங்க. அன்னிலேர்ந்து தெனம் ஒரு தப்பு தேடிப் புடிக்கிறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துபோவுது.”

“இப்ப என் கையால ரெண்டு வாய் சாப்புடுறாங்கடி,” என்றாள் மணியம்மாள். “நாங்க எங்கியும் போகலன்னு தெரிஞ்சா, மறுபடி கதவச் சாத்திக்குவாங்க.”

அன்னக்கிளி சட்டென்று தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மணியம்மாள் ஒரு கிண்ணம் மீன் குழம்பை அவள் கையில் வைத்தாள். “போய்க் குடுத்துட்டு வா. அங்க வாயத் தொறந்தே, உன் நாக்குல சூடு இழுத்துடுவேன்.”

ரோஷன் பீவி கதவைத் திறந்தார். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“தபால்காரரு மாதிரி பேசுனது நீதான?”

அன்னக்கிளி வாசற்படி பக்கம் ஒரு அடி பின்வாங்கினாள்.

“பயப்படாத. அண்ணனுக்குப் பாஸ்போர்ட் இல்லன்னு எனக்கு மொத நாளே தெரியும்.” சுவரைக் காட்டினார். போட்டோவில் அன்வருதீன் கணுக்கால் வரை பனியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். “பாரீசுல எடுத்தது. ஆணி அடிச்சு மாட்டிக் குடுத்ததே அண்ணன்தான். அவருக்கா தெரியாது, அங்க குளிரும்னு?”

“தெரிஞ்சேவா பீவிம்மா தெனம் திருத்துறீங்க?”

ரோஷன் பீவி குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணனும் அண்ணியும் பொண்ணக் கட்டிக்குடுத்து அனுப்புனதுலேர்ந்து, அந்த வீட்ல ரேடியோ மட்டும்தான் பேசிக்கிட்டிருந்துது. இப்பக் கேளு, கம்பளிக்கு ஒரு சண்ட, விசிறிக்கு ஒரு சிரிப்பு. நான் திருத்துறத விட்டுட்டா, பாவம், அவங்க ரெண்டு பேரோட பயணம் நின்னுபோயிடாதா?”