கிழக்கு வாசல் வீடு

"வேண்டாமடாப்பா. அந்த வீட்டை வாங்காதை."

படத்தை ஒருதரம் பார்த்த கையோடு தேவராசா போனைத் திருப்பிக் கொடுத்தார்.

நவரத்தினத்தின் முகம் சுருங்கிப்போனது. இவ்வளவு காலமும் லண்டன் மனோர் பார்க்கில், பக்கத்து வீட்டு இருமல் கேட்கிற வரிசை வீட்டுக்குள் இருந்தாயிற்று. இப்போதுதான் பென்சன் காசு மொத்தமாக வந்திருக்கிறது. கடற்கரை மேட்டில், கிழக்கு வாசலோடு ஒரு வீடு. ஐயரிடம் நாளும் கேட்டு வைத்தாயிற்று.

"கதவைத் திறந்தால் சூரியன், மச்சான். கீழை வெள்ளை மணல். இதிலை என்ன குறை?"

"அந்தக் கிழக்குத்தான் குறை. அங்காலைதான் கடல் அரிக்குது. மாரியிலை அலை மேட்டின்ரை அடியைத் தோண்ட, மேலை இருக்கிறது பொத்தெண்டு விழும். களிமண்ணைக் கடல் கரைச்சுக்கொண்டு போகும், மணலைக் கரையிலை விட்டிடும். நீ பாக்கிற அந்த வடிவான மணல், ஆரின்ரையோ வீட்டுத் தோட்டம்."

"நூறு வருசத்தாலை விழட்டும். நானென்ன இருக்கப்போறனே?"

"படத்திலை தெரியிற உந்த வேலிக்கு அங்காலை ஒரு அப்பிள் மரம் நிண்டது. போன மாரியோடை அது கடலுக்கை."

தேத்தண்ணியோடு வந்த மனைவி நகுலேஸ்வரி நின்றாள்.

"உங்களுக்கு என்னெண்டு தெரியும், தேவா அண்ணை?"

"கேள்விப்பட்டனான்."

"நீங்கள் கடை வாங்கேக்கை நாங்கள் ஏதும் சொன்னனாங்களே? நாங்கள் ஒண்டை வாங்க வெளிக்கிட்டால் மட்டும் உங்களுக்கு வயிறு எரியுது."

"எரிஞ்சிட்டுப் போகட்டும். வாங்காதேங்கோ."

தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பிப் போய்விட்டார்.

"மனுசன் தான் வாங்கப் பாக்குது," என்றாள் நகுலேஸ்வரி. "நீங்கள் முந்துங்கோ."

திங்கட்கிழமை காலை நவரத்தினம் வீடு விற்கிற ஏஜென்டுக்குப் போன் போட்டார். வெள்ளைக்காரப் பெண் எடுத்தாள். வீடு இனி அவருக்கு இல்லையாம்.

"நான் சொன்னனான்தானே!" நகுலேஸ்வரி கையைத் தட்டினாள். "தேவராசா வாங்கிப்போட்டாரோ எண்டு கேளுங்கோ."

கேட்டார்.

"மிஸ்டர் தேவராசா வாங்கவில்லையே, அவர்தான் வீட்டுக்காரர்," என்றாள் அந்தப் பெண். "நீங்கள் அவருடைய சிநேகிதராம், உங்களுக்கு மட்டும் விற்க மாட்டாராம். முன்பின் தெரியாத ஆள் யாராவது வந்தால் உடனே கொடுத்துவிடச் சொன்னார்."