கராஜ்காரர் கேட்ட ரோடு

"கராஜ் வச்சிருக்கிறவன் நல்ல ரோடு கேக்குறான்னா, அதுல ஏதோ இருக்கு!"

பிரதேச சபை மெம்பர் யோகராஜ் இப்படிச் சொன்னதும் கோயில் மண்டபமே சிரித்தது.

கூட்டத்தின் முன்னால் நின்ற நிலக்சிக்கும் அதே சந்தேகம்தான். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அவள். சந்தியிலிருந்து றப்பர்த் தோட்டம்வரை போகும் ரோட்டுக்குத் தார் போடுவதா, கொங்கிறீட் போடுவதா என்று சனங்களிடம் கேட்கத்தான் இந்தக் கூட்டம்.

"தார் இப்ப மலிவு. ஆனால் இந்த ஊர் மழைக்கு ரெண்டு வருசத்தில கிளம்பிவிடும், திரும்பத் திரும்பப் போடவேணும். கொங்கிறீட்டுக்கு இப்ப செலவு கூட. இருபது வருசத்தைச் சேர்த்துப் பார்த்தால் அதுதான் லாபம்," என்று அவள் விளக்கியபோது முன்வரிசையில் பெரிதாக ஒரு கொட்டாவிதான் பதிலாக வந்தது.

"இருவது வருசம் கழிச்சு யாரு இருப்பா, யாரு போவா? தாரே போடுங்க மிஸ்," என்றார் யோகராஜ். தார் என்றால் அடிக்கடி ரிப்பன் வெட்டலாமே!

அப்போதுதான் சந்தியில் த்ரீவீல் கராஜ் வைத்திருக்கும் கஜேந்திரன், கையில் கிரீஸோடு எழுந்து, "மிஸ் சொல்றதுதான் சரி, கொங்கிறீட்டே போடுங்க!" என்று சத்தம் போட்டார். அதற்குத்தான் யோகராஜின் நக்கல்.

"அவரு மச்சான் அவிசாவளையில சீமெந்துக் கடை வச்சிருக்காருல்ல," என்று பின்வரிசையில் இருந்த ஜீவராணி பக்கத்து ஆளின் காதில் சொன்னாள். மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அதானே பார்த்தேன்!" என்றார் யோகராஜ்.

கஜேந்திரன் அசரவில்லை. வரிசை வரிசையாகப் போய், "கையத் தூக்குங்கண்ணே, தூக்குங்கக்கா," என்று கெஞ்சினார். தூங்கிக்கொண்டிருந்தவரின் கையை அவரே தூக்கிப் பிடித்தார். கொங்கிறீட் வென்றது.

நிலக்சிக்குச் சந்தோசம் பாதிதான். வென்றது தன் கணக்கா, மச்சானின் கடையா என்று மனதுக்குள் ஒரு நெருடல்.

ரோடு போட்டு, ஒரு மழைக்காலமும் போனது. பார்வையிட வந்த நிலக்சி ஒரு வெடிப்பைக்கூடக் காணவில்லை. ஆனால் கராஜ் வெறிச்சோடிக் கிடந்தது. எப்போதும் வரிசையாக நிற்கும் த்ரீவீல்களில் ஒன்றுகூட இல்லை. பழைய சீற் ஒன்றில் சாய்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார் கஜேந்திரன்.

அவளால் வாயை அடக்க முடியவில்லை. "மச்சானுக்கு நல்ல வியாபாரம் போல?"

"எந்த மச்சான் மிஸ்? அவன் கடைய மூடிட்டு கட்டாருக்குப் போயி மூணு வருசமாச்சே!"

நிலக்சி திகைத்துப் போனாள். "அப்ப ஏன் அவ்வளவு பாடுபட்டனீங்கள்? ரோடு நல்லா வந்தால் உங்களுக்கெல்லோ நட்டம்?"

"நட்டமா? இப்பதான் மிஸ் நிம்மதியா இருக்கேன். சர்வீஸுக்கு வாற டவுன் வண்டிங்க போதும் எனக்கு."

ரேடியோவைக் குறைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பழைய ரோட்டுக் குழியில விழுந்து ஸ்பிரிங் ஒடைஞ்சு வாறதெல்லாம் நம்ம தோட்டத்துப் பசங்க. வண்டிக்கு லீசிங் காசு கட்டணும், புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பணும். அவனுங்ககிட்ட என்னத்தக் கேக்குறது? சாமானையும் நானே வாங்கிப் போட்டு, 'பாத்துப் போ தம்பி'ன்னு அனுப்பிருவேன். ஊட்டுல பொஞ்சாதி ஜெயம்மாகிட்ட தெனமும் ஏச்சு."

"கொஞ்சமாவது கேட்டிருக்கலாமே?"

கஜேந்திரன் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

"எனக்கு அந்த வாய் வராது மிஸ். அதான், காசு கேக்குறத விட ரோட்டையே மாத்துறது லேசுன்னு தோணிச்சு."